நார்மல் என்றால் வாடும் முகங்கள்

நோய் இல்லை என்று சொன்னால் நோயாளி வருத்தப்படுகிற வேலை ஒன்று உண்டென்றால், அது கம்பெனி நர்ஸ் வேலைதான். கோவையில் துடியலூர்ப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியின் முதலுதவி அறையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். என்னைப் போலக் கம்பெனிகளில் மாட்டிக்கொண்ட நர்ஸ் சகோதரிகளுக்கு நான் சொல்வது புரியும்.

திங்கட்கிழமை வயிறு

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் மகேஸ்வரி என்றொரு அம்மா. திங்கட்கிழமை ஷிப்ட் தொடங்கிப் பத்தாவது நிமிடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருவார். லீவு நாளில் அந்த வலி வராது. தலை நிமிராமல் சுற்றினாலும் சூபர்வைசரிடம் பேச்சு வாங்காத நாள் கிடையாது. ஸ்கேன்கூட எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்றதும் கண் கலங்கிவிட்டார்.

"இன்னொருக்கா நல்லாப் பாருங்க சிஸ்டர், ஏதாச்சும் இருக்குமுங்க."

சிரிப்பு வகுப்பு

போன வருடம் மேனேஜ்மென்ட்டுக்கு எங்கள் மனநலத்தின் மேல் திடீர்க் கரிசனம். யாரையோ கூட்டி வந்து கேன்டீனில் அரை மணி நேரம் கைதட்டிச் சிரிக்க வைத்தார்கள். அந்த அரை மணி நேர வேலையைச் சாயங்காலம் இருந்து முடித்துவிட்டுப் போகச் சொன்னார்கள். ஊரின் மறுகோடியிலிருந்து வரும் மதுக்கரைக்காரர்களுக்குப் பஸ் தவறிப் போயிற்று. லேத் ஓட்டும் ரங்கசாமி அண்ணன் என்னிடம் கேட்டார்:

"அழுதிருந்தா நேரத்துக்கு உட்டிருப்பாங்களாங்க சிஸ்டர்?"

பழனிசாமி அண்ணன்

பதினேழு வருடம் மோட்டார் டெஸ்டிங்கில் இருந்தவர். ஓடுகிற சத்தத்தைக் கேட்டே பழுதைச் சொல்லிவிடுவார். அந்த வேலை என்றால் அவருக்கு உயிர். புரமோஷன் என்று சொல்லி, கஸ்டமர் புகார் கேட்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். நாள் முழுக்கப் போனில் திட்டு வாங்க வேண்டும். மூன்றே மாதத்தில் தூக்கம் போயிற்று, சோறு இறங்கவில்லை, நெஞ்சை அடைக்கிறது என்று தினமும் வர ஆரம்பித்தார். பிரஷர் நார்மல். ஈ.சி.ஜி.யும் நார்மல்.

பழைய இடத்துக்கே அனுப்பச் சொல்லி மேனேஜரிடம் கேட்டிருக்கிறார். நர்ஸ் எழுதித் தந்தால் பார்க்கலாம் என்றாராம் அவர். அண்ணன் என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பொய் எழுத வேண்டாமுங்க சிஸ்டர், இருக்கறத எழுதுங்க."

இருந்ததை எழுதினேன்

'மன அழுத்தம், பழைய வேலைக்கு மாற்றினால் நல்லது' என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. மனசு சரியில்லாத ஆளைக் கரண்ட் பக்கம் விட முடியாது என்று மேனேஜர் அவரைப் பழைய இரும்பு குவிக்கும் ஸ்கிராப் யார்டுக்குத் தள்ளிவிட்டார். கேன்டீனில் அவர் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. மெண்டல் என்று முதுகுக்குப் பின்னால் பேச்சு. பத்தாவது நாள் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தார். மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நெஞ்சுவலின்னு எழுதியிருந்தா, பழம் வாங்கிட்டு ஊட்டுக்கு வந்து பாத்திருப்பாங்க, இல்லீங்களா சிஸ்டர்?"

அன்று முதல் எங்கள் கம்பெனியில் மனசு உள்ளவர் ஒருவரும் கிடையாது, எல்லாருக்கும் வாயுத்தொல்லைதான் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.