ஒன்பதில் எத்தனை

பிரிஸில்லா சித்தி மயிலாப்பூரில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்டவளையே போன மாதம் நான் கேஸ் ஏஜென்சிப் பெண் குரலில் போன் செய்து, காலி சிலிண்டரோடு அரை மணி நேரம் வாசலில் நிற்க வைத்தேன். அன்றிலிருந்து தெரியாத நம்பரில் யாராவது இனிப்பாக "மேடம்" என்றால் போதும், "டீனா, செருப்பு பிஞ்சிடும்" என்று கட் செய்துவிடுவாள்.

நேற்று அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளிடமிருந்து ஒன்பது கருமுட்டை எடுத்தார்கள். ஆம்ப்ரோஸ் சித்தப்பாவின் விந்தணுவோடு சேர்த்து லேபில் வைத்து, மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்களாம். உள்ளே இரண்டு குட்டி வட்டம் தெரிந்தால் கரு கூடியிருக்கிறது. முதல் முறை ஒன்று கூடியது. ஏழாவது வாரம் துடிப்பு நின்றது. இரண்டாம் முறை எதிலும் வட்டமே இல்லை. இது மூன்றாவது. இதற்குமேல் தாங்காது என்று அவளே சொல்லிவிட்டாள்.

காலையில் போன் வரும் என்றார்கள். சித்தப்பா வடபழனி டிப்போவில் டிரைவர். பஸ் ஓட்டும்போது போனை எடுக்க முடியாது. அதனால் துணைக்கு நான். பத்தாவதில் அறிவியலில் கோட்டைவிட்டவளைத் துணைக்குக் கூப்பிடும் அளவுக்கு நிலைமை. சித்தி கழுவிய டம்ளரையே கழுவினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள். "எதிர்லயே நிக்காத, போய் பால் வாங்கிட்டு வா" என்று விரட்டினாள்.

பாலோடு திரும்பினால் காதைத் திருகினாள்.

"இன்னிக்குமாடி? 'மேடம், லேப்ல இருந்து பேசறேன், ஒன்பதுல'ன்னு இழுக்கிறியே, மனசாட்சி இருக்கா? கட் பண்ணிட்டேன்."

"ஐயோ சித்தி, நான் இல்ல! என் போனு அங்க சார்ஜ்ல கீது பாரு."

பார்த்தாள். காதை விட்டாள்.

அந்த நம்பருக்குத் திருப்பி அடித்தாள். பிஸி. மறுபடியும் பிஸி. ஆறாவது தடவை போனை என்னிடம் நீட்டினாள். "நீ அடி. நீயே பேசு." ஊரில் உள்ள குரலெல்லாம் வரும் நான், என் சொந்தக் குரலில் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நம்பரைத் தொடப் போனேன்.

அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"மேடம், லேப்ல இருந்து ஸஹானா. லைன் கட்டாயிடுச்சு. ஒன்பதுல அஞ்சு ஃபெர்டிலைஸ் ஆயிருக்கு."

சித்தி சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கையில் இன்னும் சோப்பு வாசனை. "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"அஞ்சு, மேடம். எல்லாமே நிக்கும்னு சொல்ல முடியாது. வியாழக்கிழமை பார்த்துட்டு கூப்பிடறேன்."

போனை வைத்துவிட்டு மறுபடி ஜன்னலைத் திறக்கப் போனாள்.

"வியாழக்கிழமை விடிஞ்சதும் இங்க வந்துடு" என்றாள். "என் கண்ணெதிர்லயே உக்காரு. பாலும் வேணாம், ஒண்ணும் வேணாம்."