இடி விழ என்றவள்

எங்கள் ஊரில் சொல்கிறபடியெல்லாம் இடி விழுவதாக இருந்தால் செங்கம் ரோட்டில் ஓர் ஆள் மிஞ்சமாட்டான். கை காட்டியும் நிற்காமல் போகிற பஸ் டிரைவர் தலையில் விழ வேண்டும். பால் பொங்கி வழிந்தால் அடுப்பின் தலையில். பௌர்ணமிக்குப் பௌர்ணமி எங்கள் வாசலை மறித்துக் கார் நிறுத்திவிட்டுக் கிரிவலம் போகிறவர்கள் தலையில் நானே மாதாமாதம் இறக்கியிருக்கிறேன். ஒருத்தனுக்கும் ஒரு முடி கருகியதில்லை. அருணாதேவி சொன்னது மட்டும் பலித்துவிட்டதாம்.

அருணாதேவி என் வீட்டில் வேலை செய்கிறவள். ரமணாசிரமத்துக்குப் பின்னால் எங்களுக்கு மாடி வீடு. கீழே நானும் என் வீட்டுக்காரர் ரபீக்கும் இருக்கிறோம். மேலே உள்ள அறைகளை வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும் வாடகைக்கு விடுகிறோம். அறைகளைப் பெருக்கித் துடைப்பதும், விரிப்புகளைத் துவைத்து மொட்டைமாடியில் காயப்போடுவதும் அவள் வேலை. அடி அண்ணாமலையிலிருந்து காலையில் ஷேர் ஆட்டோவில் வருவாள். என் பெயர் உம்மே ஹானி. இந்தத் தெருவில் என் பெயரைவிட என் கோபம்தான் பிரபலம். அருணாதேவியை நினைத்தாலே எனக்குக் கோபம் வரும். அவள்மேல் அல்ல, அவள் ஊர்மேல்.

அவள் கணவர் அப்பாசாமி. கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது, அதில் மல்லாட்டை போட்டார்கள். நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. ஓர் ஐப்பசி மாதம், பறித்த மல்லாட்டையைக் களத்தில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். மத்தியானம் மலைக்குப் பின்னாலிருந்து மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. தார்ப்பாய் போட்டு மூடுங்கள் என்று காலையிலிருந்தே அவள் சொல்லிக்கொண்டிருக்க, மனிதர் டீக்கடையில் உட்கார்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தார். அவள் தெருக்குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு, டீக்கடைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"மல்லாட்டய மூடுன்னு எத்தினி வாட்டி சொல்றது, உன் தலயில இடி வுழ."

குழாயடியே சிரித்தது. அப்பாசாமியும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து களத்துக்கு ஓடினாராம். தார்ப்பாயின் ஒரு முனைமேல் கல்லை வைத்துவிட்டு அடுத்த முனையை இழுக்கும்போது இடி அவர்மேல் விழுந்தது.

சாவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஆரம்பித்தவள் அப்பாசாமியின் அக்காள் ஜோதியம்மாள். இவளுக்குக் கருநாக்கு என்றாள். நாக்கில் கறுப்பு மச்சம் இருக்கிறவர்கள் சொன்னால் பலிக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சாஸ்திரம். பிணம் எடுத்த மறுநாள் அவளை உட்காரவைத்து நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்களாம். நீட்டினாளாம். மச்சம் எதுவும் இல்லை. அப்படியானால் உள்ளே இருக்கும் என்று முடிவு செய்துவிட்டார்கள். ஊர் வாயை மூட உலை மூடி ஏது?

எங்கள் வீடுகளிலும் பத்துவா என்று ஒன்று உண்டு. வயிறு எரிந்து ஒருவர் கெட்டது கேட்டால் அது சும்மா போகாது என்பார்கள். இருக்கட்டும். அது வயிறு எரிந்து கேட்பது. குழாயடியில் குடத்தோடு நின்று புருஷனைக் கூப்பிடுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அதை ஒரு கூப்பாடாகத்தானே அந்த மனிதரே எடுத்துக்கொண்டு சிரித்தார்?

அதற்குப் பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் அவள் வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக்குப் பத்திரிகை வைத்தார்கள். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். ஒருவன் மட்டும் எலுமிச்சம்பழத்தோடு தேடிக்கொண்டு வந்தான். வரப்புத் தகராறில் பங்காளியின் பெயரைச் சொல்லி ஒரே ஒரு தடவை இடி விழ என்று சொல்ல வேண்டுமாம். அவள் அந்தப் பழத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். இதை எனக்குச் சொன்னது அவள் அல்ல, அவளோடு ஆட்டோவில் வருகிற பெண். அருணாதேவி பேச்சையே விட்டுவிட்டிருந்தாள். என் வீட்டுக்கு வந்த இத்தனை வருஷத்தில் "ம்", "இல்லக்கா", "ஆச்சு" என்ற மூன்று சொற்களில்தான் காலம் தள்ளினாள்.

துக்கம் என்றால் அழுவார்கள், ஆத்திரம் என்றால் பாத்திரத்தைப் போட்டு உடைப்பார்கள். அவளிடம் இரண்டும் கிடையாது. ஒருநாள் இஸ்திரிப் பெட்டி கைமேல் சாய்ந்து தோல் வெந்துவிட்டது. நான் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடினால், அவள் அந்தக் கையை வேறு யாருடையதோ போல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். மரத்துப் போயிருந்தாள். ஊரிலோ அதற்கு நெஞ்சழுத்தம் என்று பெயர்.

அவளிடம் எனக்குப் பிடிக்காத வழக்கம் ஒன்றுதான். மழைக்கு மேகம் கட்டினால் மாடியில் காயும் விரிப்புகளை எடுக்கமாட்டாள். மற்ற வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் வானம் இருண்டால் போதும், படிக்கட்டின் கீழே துடைப்பத்தோடு நின்றுவிடுவாள். தானும் ஏறமாட்டாள், யாரையும் எடுக்கச் சொல்லவும் மாட்டாள். தோய்த்ததெல்லாம் தொப்பலாக நனையும். மறுநாள் வாய் பேசாமல் மறுபடி தோய்ப்பாள். நான் கத்தாத கத்தல் இல்லை. சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு "ம்".

அவளுக்கு ஒரே மகன், இனியன். அப்பா போகும்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். பிறகு டிப்ளமா முடித்துக் கட்டட வேலைக்குச் சிங்கப்பூர் போனான். கிளம்பும் அன்று காலில் விழுந்தவனைத் தோளில் தொட்டுத் தூக்கினாள், அவ்வளவுதான். எந்தத் தாயும் சொல்கிற "போய்ட்டு வா" அவள் வாயிலிருந்து வரவில்லை. ஜோதியம்மாள் பக்கத்திலேயே நின்று, நல்லவேளை எதுவும் சொல்லவில்லை என்று காதுபடச் சொன்னாளாம். அந்தப் பிள்ளை நிறைந்த மனசோடு போயிருப்பானா?

அவளிடம் இருப்பது பட்டன் போன். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இனியன் என் போனில் வீடியோ கால் செய்வான். அவன் பேசுவான், அவள் திரையைப் பார்ப்பாள். சாப்பிட்டியாம்மா என்றால் தலையை ஆட்டுவாள். மாசக்கணக்கில் இப்படியே போனது. போன பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே பின்னால் ஏதோ உருண்டது. என்னடா சத்தம் என்று நான்தான் கேட்டேன்.

"இடிங்கக்கா. இந்த ஊர்ல இடி ஜாஸ்தி. வேல நடக்கும்போது சைரன் அடிச்சிட்டா எல்லாரயும் கீழ எறக்கி ஷெட்ல குந்த வெச்சுடுவாங்க" என்றான். பிறகு அம்மாவைப் பார்த்தான். குரல் மாறிவிட்டது. ஊரே உன்னைப் பேசினாலும் நான் ஒருநாளும் அப்படி நினைத்ததில்லை, நீ ஏன் என்னிடம் பேசமாட்டேன் என்கிறாய் என்று கேட்டான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வர்ற ஞாயித்துக்கெழமையும் பேசலன்னா நான் இனிமே போன் பண்ணமாட்டேம்மா. செவுத்துகிட்ட பேசற மாதிரி கீது."

போனை வைத்துவிட்டான். அவன் வீம்புக்குச் சொல்லவில்லை, அலுத்துப்போய்ச் சொன்னான். அலுத்தவர்கள் சொன்னதைச் செய்துவிடுவார்கள். அருணாதேவி வாளியை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரை போனாள். பிறகு திரும்பி வந்து, என்னிடம் முதல் தடவையாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அங்க ஏங்கா அவ்ளோ இடி?"

இந்தக் கேள்விக்காக நான் வருஷக்கணக்காகத் தயாராக இருந்தேன். கோபம் வந்தால் தேடித் தேடிப் படிக்கிற வியாதி எனக்கு உண்டு. கருநாக்குக் கதையைக் கேட்ட வாரத்திலேயே மின்னலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்து வைத்திருந்தேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்துக் கொட்டினேன். வெயிலில் தரை காய்கிறது, ஈரக்காற்று சூடாகி மேலே ஏறுகிறது, உயரத்தில் அது மேகமாகி அதற்குள் பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதி உரசுகின்றன, அந்த உரசலில் பிறக்கிற மின்சாரம்தான் மின்னல். கடலைவிடத் தரை சீக்கிரம் சூடாவதால் நடுக்கடலில் கம்மி, தரையில் ஜாஸ்தி. துருவத்துப் பக்கம் அனேகமாக இல்லவே இல்லை. சிங்கப்பூரோ பூமியின் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது, வருஷம் முழுக்க வெயில், சுற்றிலும் கடல், கடல் காற்றுகள் வந்து மோதி மேலே ஏறுகின்றன. பிறகு இடிக்காமல் என்ன செய்யும்?

உலகத்திலேயே மின்னல் அதிகம் வெட்டும் இடம் எது தெரியுமா என்று நானே கேட்டு நானே பதில் சொன்னேன். வெனிசுவேலா என்ற நாட்டில் மரகைபோ என்று ஓர் ஏரி. செயற்கைக்கோளை வைத்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். மூன்று பக்கமும் மலை, நடுவில் வெதுவெதுப்பான தண்ணீர். இருட்டினால் மலைச்சரிவிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி ஏரியின் ஈரக்காற்றை மேலே தள்ளும். வருஷத்தில் முக்கால்வாசி ராத்திரி அங்கே மின்னல்தான். ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டின் மலைகளிலும் அப்படித்தான். அந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்களின் பெண்டாட்டிமார் எல்லாம் கருநாக்குக்காரிகளா? நம் ஊரில் ஐப்பசியில் மேகம் வருகிறது, மலை இருக்கிறது, களம் வெட்டவெளி, நின்றிருந்த ஒரே உயரம் அப்பாசாமி. நீ சொன்ன சொல் வானத்துக்குக் கேட்கவே இல்லை, உன் சொல்லுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை என்றேன். வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி மூச்சு வாங்கியது எனக்கு.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கண்ணில் ஒரு மாற்றமும் இல்லை.

"இடி வுழன்னு சொன்னதுக்கு இல்லக்கா" என்றாள். "அது எனக்கும் தெரியும். மல்லாட்டய மூடுன்னு சொன்னேன் பாருங்க. அதுக்குத்தான அது களத்துக்குப் போச்சு."

வாளியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். ஊர் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஆடியது, நானும் அதே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஊரோடு சண்டைக்கு நின்றேன். அவளைத் தின்றது பக்கத்துச் சொல். நனைகிற விரிப்புகளை எடு என்று அவள் ஏன் ஒருவரிடமும் சொல்வதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. பிள்ளையிடம் எதைச் சொன்னாலும் அவன் அதைச் செய்துவிடுவானே என்ற பயத்தில் எதுவுமே சொல்லாமல் இருந்திருக்கிறாள். இதற்கு எந்த ஏரியைக் காட்டி நான் ஆறுதல் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை வந்தது. இனியனுக்கு அன்று ஓவர்டைம். டீ நேரத்தில் வேலை இடத்திலிருந்தே கூப்பிட்டான். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அவளுக்குப் பின்னால், சமையலறை வாசலில், திரை தெரிகிற மாதிரி நின்றுகொண்டேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டான். தலையாட்டினாள். அவன் காத்திருந்தான். நானும் காத்திருந்தேன். அவள் உதடு அசையவில்லை. சரிம்மா என்று அவன் சொன்னபோது அவன் முகம் தளர்ந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அந்த நேரம் அங்கே சைரன் ஊதியது. திரையில் காற்று அடிப்பது தெரிந்தது. அவனுக்குப் பின்னால் ஆட்கள் ஹெல்மெட்டோடு ஷெட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்கள். இடி சைரன்தான், நான் ஷெட்டில்தான் இருக்கிறேன் என்றான். பிறகு வெளியே எட்டிப் பார்த்தான்.

"சிமெண்ட் மூட்ட மேல தார்ப்பாய் பறக்குதும்மா. எல்லாம் நனஞ்சுடும். தோ, ஒரு நிமிஷத்துல மூடிட்டு வந்துடறேன், அப்பறம் போன வெக்கலாம்."

"உடு" என்றாள் அருணாதேவி.

திரையில் படம் ஆடி நின்றது.

"நனஞ்சா நனயட்டும். நீ உள்ள குந்துடா."

குரல் உயரவில்லை. விலை விசாரிக்கிற குரல்தான். அங்கே இனியன் ஏதோ பெட்டியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"குந்திட்டேம்மா" என்றான்.

அவன் அழுதான். அவள் அழவில்லை. சைரன் நிற்கிற வரைக்கும் எழுந்திருக்காதே என்றாள். அவனும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரும் வேறெதுவும் பேசாமல், அந்தச் சைரன் ஊதி ஓயும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.