இறக்கத்தில் ஆக்சிலேட்டர்

என் அண்ணன் மகள் திரைச்சீலை தைப்பவள். தைத்ததைத் தன் பழைய டூ-ஸ்ட்ரோக் காரில் அவளே கொண்டுபோய்க் கொடுப்பாள். நீலப் புகை விட்டுக்கொண்டே போவதால் தெருவில் அவளுக்குக் 'கொசுமருந்து' என்று பெயர். ஓட்டப் பழகியதும் அதில்தான்.

அந்தக் காருக்கு எண்ணெயைப் பெட்ரோலோடு கலந்துதான் ஊற்ற வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் எண்ணெயும் குறைந்துவிடும். சக்கரத்தோடு சேர்ந்து வேகமாகச் சுற்றும் எஞ்சின் காய்ந்து இறுகிவிடும். அதனால் ஃப்ரீவீல் வைத்திருக்கிறார்கள். காலை எடுத்ததும் எஞ்சின் சக்கரத்தை விட்டு விலகிக்கொள்ளும். மிதிப்பதை நிறுத்திய சைக்கிள்போல வண்டி உருளும். சமதளத்தில் சுகம், இறக்கத்தில் பிரேக்கே கதி. டாஷ்போர்டுக்குக் கீழே ஒரு குமிழ் உண்டு. அதை இழுத்தால் ஃப்ரீவீல் பூட்டிக்கொள்ளும், எஞ்சின் வண்டியைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும். மலையுச்சியிலேயே அதை இழுத்துவிடுவது அவள் வழக்கம்.

அன்று மலைமேல் மருத்துவமனையில் திரைகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். பின்சீட்டில் நான். முன்னால், ஓட்டும் அவளுக்குப் பக்கத்தில் அவள் அண்ணன், பேருந்து ஓட்டுநர். கார் சாவியை வாங்கிவரச் சொல்லி அவர்கள் அம்மா அனுப்பிய ஆள்.

"பழைய இரும்புக்குப் போடுற வண்டிடி இது. அம்மாவுக்குத் தூக்கமே இல்ல."

"உன் பஸ்ஸை நெனச்சுத்தான் அவங்க தூங்கல."

பேச்சு மும்முரத்தில் உச்சி கடந்தது. குமிழை அவள் இழுக்கவில்லை.

மூன்றாவது வளைவில் கருகல் வாடை வந்தது.

"அண்ணே, பிரேக் பிடிக்கல."

"கியரைக் குறை!" அவனே கையை நீட்டி மூன்றாம் கியருக்குத் தள்ளினான். கிளட்ச் இல்லாமலே வெண்ணெயில் கத்திபோல இறங்கியது. வேகம் குறையவில்லை, எஞ்சின் தன் பாட்டுக்கு முணுமுணுத்தது. கைப்பிரேக்கை இழுத்தான். சூட்டில் அதுவும் பிடிக்கவில்லை. கியரை நம்பியே மலையிறங்கிப் பழகியவன் முகம் வெளிறியது.

அவள் ஆக்சிலேட்டரை மிதித்தாள்.

"பைத்தியமாடி உனக்கு? காலை எடு!" அவள் முழங்காலைப் பிடித்து இழுத்தான்.

"கையை எடுண்ணே! எஞ்சின் சக்கர வேகத்துக்கு வந்தாத்தான் பூட்டு விழும்!"

அடுத்த வளைவு தெரிந்தது. ஓரத்தில் இடுப்புயரக் கல்சுவர். சுவருக்கு அப்பால் வானம்தான் இருந்தது. அவன் பிடியை விடவில்லை.

"சித்தப்பா!"

பின்னாலிருந்து அவன் இரு தோள்களையும் பற்றி இருக்கையோடு சாய்த்தேன். எஞ்சின் அலறியது. குமிழை இழுத்துவிட்டுக் காலை எடுத்தாள். சட்டைக்காலரைப் பிடித்து யாரோ இழுத்ததுபோல வண்டி குலுங்கித் தணிந்தது. சுவரை உரசாமல் திரும்பினோம்.

அடிவாரம்வரை அவ்வப்போது ஆக்சிலேட்டரைத் தொட்டு எஞ்சினுக்கு எண்ணெய் ஊட்டிக்கொண்டே வந்தாள். அவள் தொட்டபோதெல்லாம் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான்.

சமதளத்தில் வண்டி தானே நின்றது. அவன் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான்.

"பிரேக்கை முழுசா மாத்திட்டு வந்து வாங்கிக்க. அம்மாகிட்ட சாவியை வாங்கிட்டேன்னு சொல்லிடறேன். பொய் இல்லையே?"

அவள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தாள். "இப்ப வீட்டுக்கு எப்படிப் போறது?"

"பஸ்ல. அதுல கியர் சொன்ன பேச்சைக் கேக்கும்."