கறுப்பிக்குத் தையல், எனக்கு ஏச்சு

மாட்டு டாக்டர் தொழிலில் வயிற்றைத் திறந்து மூடுவது ஒரு மணி நேர வேலை. மூடிய இடத்தைக் காப்பாற்றுவது பத்து நாள் வேலை. நாய் வளர்த்து நொந்த நண்பர்களே, இதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. “நக்க விடாதீங்க, நனைய விடாதீங்க, குதிக்க விடாதீங்க” என்று தென்காசியில் எத்தனையோ பேருக்குச் சொன்னவன் நான். இந்தச் சாரல் காலத்தில் என் நாய் கறுப்பிக்கே கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வந்தது. அவளுக்குப் பத்து வயது. தையல் பிரிந்து இன்னொரு முறை மயக்க ஊசி போட நேர்ந்தால் தாங்குவாளா என்பது எனக்கே சந்தேகம்.

கூம்பு

நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டி, குற்றாலத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு அழைத்துப் போனேன். மரத்தில் குரங்கு. கறுப்பி அண்ணாந்தாள். சாரல் கூம்புக்குள் இறங்கி, கழுத்து வழியாகத் தையலை நோக்கிப் புறப்பட்டது. துண்டோடு அவளுக்கு அடியில் படுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தருவியில் சிப்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி வாசலில் நின்று கேட்டார்:

“என்ன டாக்டரே, மழைத்தண்ணி சேமிக்கியளோ?”

பனியன்

கூம்பைக் கழற்றிவிட்டு, தையலை மூட என் பனியனை மாட்டினேன். நல்ல யோசனைதான். ஆனால் சாரல் காலத்தில் எங்கள் ஊரில் துவைத்த துணி காய்வதில்லை. ஐந்தாம் நாள் வீட்டில் உலர்ந்த பனியன் ஒன்றே ஒன்று. அது கறுப்பிக்கு, ஈரமானது எனக்கு. கிளினிக்கில் ஓர் ஆட்டைச் சோதிப்பதற்குள் நாலு தும்மல். கம்பவுண்டர் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“ஆட்டுக்குச் சளின்னு வந்திருக்காவ. மொத ஊசி ஆட்டுக்கா, ஒங்களுக்கா?”

ஏச்சு

ஏழாம் நாள் புளியங்குடி டீச்சர் ஒருவர், தையல் விட்டுப்போன நாயோடு வந்தார். பிள்ளைகள் பந்து போட்டுக் குதிக்கவைத்துவிட்டார்களாம். “படிச்சவங்க செய்யிற காரியமா?” என்று பிடிபிடியென்று பிடித்தேன்.

மறுநாள் காலை பால் வாங்கி வந்த நான், வழக்கம்போல வாசலிலிருந்தே “கறுப்பீ!” என்று கூப்பிட்டேன். கட்டிலிலிருந்து ஒரே பாய்ச்சல். பனியனில் ரத்தம். தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன். நல்லவேளை, விட்டது தோலில் இரண்டு தையல்தான். உள்தையல் கெட்டியாக இருந்தது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, நான் கூப்பிட்டதையும் அவள் குதித்ததையும் கம்பவுண்டரிடம் புலம்பிக்கொண்டே தைத்தேன். நிமிர்ந்தால், கட்டு மாற்ற வந்த அதே டீச்சர்:

“எங்க வீட்டுலயாவது சின்னப் பிள்ளையள் செஞ்சது, டாக்டர். நேத்து என்னய அந்த ஏச்சு ஏசுனியள்லா, இன்னைக்கு ஒங்கள யாரு ஏச?”

மறுபடி பத்து நாள் எண்ணி, பதினெட்டாம் நாள் தையலை எடுத்தேன், கறுப்பி நலம். அத்தனை நாளும் கட்டிப்போட்டிருக்க வேண்டியது என்னைத்தான்.