றீற்றாவின் வாய்க்குப் போட்ட பூட்டு

தன்னாமுனையில் றீற்றாவின் வாயை அறியாதவர் கிடையாது. காலையில் மீன் வாங்கப் போனால், அவள் திரும்பி வருவதற்குள் வளர்ப்பு மகள் அஜந்தாவின் கெட்டித்தனம் ஏறாவூர் வரைக்கும் போயிருக்கும். கோயில் பாதரின் பிரிட்ஜை அஜந்தா கழற்றிப் பூட்டிய கதையைப் பாதரே நாலு தரம் கேட்டுவிட்டார்.

அந்த வாய்க்குத்தான் இப்போது அஜந்தா பயந்துகொண்டிருந்தாள்.

தாய் இறந்தபின் ஒன்பது வயதில் ஒரு துணிப்பையோடு இந்த வீட்டுக்கு வந்தவள் அவள். வந்த முதல் வாரமே மின்விசிறியைத் துண்டு துண்டாகக் கழற்றிப் போட்டாள். அடி விழப்போகிறது என்று பயந்து நின்றவளிடம் றீற்றாவின் கணவர் டொமினிக் திருப்புளியை நீட்டி, "இனிப் பூட்டு" என்றார். மேசன் வேலை செய்யும் அவர் அன்றைக்குப் பேசியதே அவ்வளவுதான். அஜந்தா இப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் ஏ.சி. திருத்தப் படிக்கிறாள். இன்னும் இரண்டு வருடம் தாக்குப்பிடித்தால் பாசிக்குடா ஹோட்டல்களில் வேலை கிடைக்கும்.

ஆனால் வருகிற மாதம் பதினெட்டு வயது. வளர்ப்புப் பிள்ளைக்கு அரசாங்கம் தரும் உதவிப்பணம் அதோடு நின்றுவிடும். படிக்கிற பிள்ளை, சொந்தமாக வீடு வாசல் இல்லாத பிள்ளை என்றால் மட்டும் இருபத்தொரு வயது வரை நீட்டுவார்கள். நீட்டாவிட்டால் படிப்பு போய்விடும். அதற்குப் பிறகு இந்த வீட்டில் தனக்கு இடம் இருக்குமா என்பதும் அவளுக்குத் தெரியாது. கேட்கவும் பயம். யாருக்கும் தெரியாமல் உடுப்புகளைப் பயணப்பையில் அடுக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தாள்.

உதவியை நீட்டலாமா என்று உத்தியோகத்தர் விசாரிக்க வரும் நாள் காலையில் றீற்றாவைப் பிடித்து இருத்தினாள்.

"அன்ரி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. புளுகு வேணாம்."

"நான் எங்ககா புளுகுற? வாயே தொறக்க மாட்டன்."

ஏறாவூரிலிருந்து வந்த உத்தியோகத்தர் ஸகியா மிஸ் படிவத்தை விரித்தார். முதல் ஐந்து கேள்விகளுக்கும் "ஓம்", "இல்ல" என்று சொல்லி றீற்றா சாதனை படைத்தாள். ஆறாவது கேள்வியில்தான் வினை வந்தது.

"உதவி முடிஞ்ச பிறகு, புள்ள இந்த வீட்ட விட்டு எங்க போகும்?"

றீற்றாவின் முகம் கறுத்தது.

"அவள் ஏன் போகணும்? போறதெண்டா நாங்கதான் போகணும். மூத்தவன் சதீஸ் வவுணதீவில பொண்டாட்டி வீட்டில இருக்கான். சின்னவன் அன்ரோவும் கலியாணம் முடிச்சா அப்படித்தான் போவான். பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு. இந்த மனிசன் ரெண்டு வருசமா பின்வளவில சின்னதா ஒரு அறை கட்டுறாரே, அது ஆருக்கு? எங்க ரெண்டு பேருக்கும். இந்த வீடும் வளவும் அஜந்தாவுக்கு."

அந்த அறைக்குக் கல் தூக்கிக் கொடுத்தவளே அஜந்தாதான். வாடகைக்கு விடக் கட்டுகிறார்கள் என்றே நினைத்திருந்தாள். சொந்த வீடு என்று சொல்லியாயிற்று, உதவி போச்சு என்று புத்தி சொன்னது. மனமோ அதைக் காதிலேயே வாங்கவில்லை. சந்தோசத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

ஸகியா மிஸ் பேனையை நிறுத்தினார். "வீட்டு உறுதிய புள்ளட பேருக்கு எழுதியாச்சா, அம்மா?"

"இல்ல மிஸ். அது கலியாணத்துக்குத்தானே எழுதுற."

"எங்கட உம்மாவும் எனக்கு அப்படித்தான் தந்தாங்க. அப்ப இப்ப வீடு உங்கட பேர்லதான்." பிள்ளைக்குச் சொந்த வீடு இல்லை என்று எழுதினார். ஆறாவது கேள்விக்கு நேரே, எங்கும் போகமாட்டார் என்று எழுதினார். "நீட்டிறதுக்கு நான் சிபாரிசு பண்றன். படிப்பு முடியுமட்டும் கலியாணம் மட்டும் பேசிராதீங்க."

அவர் போனதும் அஜந்தா உடுப்புகளைத் திரும்ப எடுத்துவைக்கக் கட்டிலுக்கடியிலிருந்து பயணப்பையை வெளியே இழுத்தாள். வாசலில் றீற்றா நின்றுகொண்டிருந்தாள். பையைப் பார்த்தாள், அஜந்தாவைப் பார்த்தாள். அந்த வாய்க்கு உண்மையிலேயே பூட்டு விழுந்தது அப்போதுதான். உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கினாள். பை காலியான பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, விளக்குமாற்றை எடுத்து அஜந்தாவின் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்காரியம்மா, முத்தமெல்லாம் குப்பையாக் கிடக்கு. உன்ட வளவ நீதான் கூட்டணும்."