குழாய் வேண்டாம் என்றேன்

அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் நான் டெய்லர். பீஸ் ரேட் வேலை. பக்கத்தில் ஓர் அம்மா துணியை மடித்து மடித்துத் தள்ளுவார், நான் மெஷினில் அடிப்பேன். நான் எழுந்தால் அவர் கூலியும் நிற்கும். அதனால் கையிலிருக்கும் துணிக்கட்டு முடியாமல் எழுவதில்லை என்று நாங்களே ஒரு சட்டம் வைத்திருந்தோம்.

ஐம்பத்தாறு வயதில் அந்தச் சட்டம் என்னைப் பாடாய்ப் படுத்தியது. அரை மணிக்கொரு தரம் ஒண்ணுக்கு முட்டும்; போய் நின்றால் சொட்டுச் சொட்டாக வரும். சுகர்தான் என்று நானே முடிவுகட்டிப் பாகற்காய்ச் சாறு குடித்தேன், தண்ணீரைக் குறைத்தேன். மடத்தனம்! ஷிப்மென்ட் அவசரத்தில் இரண்டு கட்டு முடியும்வரை அடக்கிக்கொண்டு அடித்த அன்று, ஒரு சொட்டுகூட வரவில்லை. வயிறு கல்லாகிவிட்டது, வலியில் கத்தினேன்.

திருப்பூர் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு வடித்தார்கள். புராஸ்டேட் வீங்கிப் பாதையை அடைக்கிறதாம். இடுப்பில் மூத்திரப் பையோடு வீட்டில் கிடந்தேன். கம்பெனியில் எங்களுக்கு வேலை தரும் கான்ட்ராக்டர் பார்க்க வந்தார், என்னைவிட இளையவர்.

"ஏனுங்கண்ணா, நல்லா ரெஸ்ட் எடுங்க. உங்க மெஷினுக்கு வேற ஆளு போட்டுக்கறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷம் நான் உட்கார்ந்த மெஷின் அது.

"ஆளெல்லாம் வேண்டாமுங்க. நானே வர்றேன்."

"இந்தப் பையத் தூக்கிட்டா வருவீங்க?"

"பையும் வராது, டியூப்பும் வராது!"

வீம்புக்குத்தான் சொன்னேன். அவர் போனதும் மனைவி, "வாய்க்கு மட்டும் ஒண்ணும் கொறச்சலில்லீங்க" என்று திட்டினாள். திட்டிக்கொண்டே நாலு பேரிடம் விசாரித்து, கோயம்புத்தூரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

அந்த டாக்டர் வயிற்றைக் கிழிக்க வேண்டாம் என்றார். லேசரிலேயே வீங்கிய சதையை எடுத்துவிடலாம், ரத்தக்கசிவு இல்லாவிட்டால் டியூப் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். "ஆனா நீங்களா ஒண்ணுக்குப் போய்க் காட்டணுங்க. வரலீன்னா மறுபடி டியூப்தான்."

லேசர் முடிந்த மறுநாள் காலை டியூப்பை உருவிவிட்டு, நர்ஸம்மா ஓர் அளவு ஜாடியைக் கையில் கொடுத்தார். இரண்டு மணி நேரம் ஆகியும் ஒன்றும் வரவில்லை. புது டியூப் பாக்கெட் மேஜைக்கு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நின்றார் கான்ட்ராக்டர்.

"இன்னும் வரலீங்களாண்ணா? அதான் உங்க மெஷின்ல ஒரு பையன உக்கார வெச்சுட்டேன்."

அடப்பாவி! அந்தப் பாக்கெட்டைப் பிரித்தால் என் பிழைப்பு போய்விடும். ஜாடியோடு பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டேன். நின்றேன், குந்தினேன், சுவரைப் பிடித்துக்கொண்டேன். திடீரென்று நெருப்பாய் எரிந்துகொண்டு வந்தது, அதுவும் சொட்டாக இல்லை. வெட்கமில்லாமல் அழுதேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, முக்கால்வாசி நிறைந்த ஜாடியை நேராகக் கான்ட்ராக்டர் மூக்குக்கு முன்னால் நீட்டினேன்.

"ஐயே, அக்கட்டால கொண்டு போங்கண்ணா!"

"நல்லாப் பாத்துக்குங்க. பாத்துட்டு, அந்தப் பையன எந்திரிக்கச் சொல்லுங்க."