லயத்துக்கு ஒரு பெட்ரோமாக்ஸ்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் எனக்கு வேலை கிடைத்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவளும் நான்தான், பேனா பிடித்துச் சம்பளம் வாங்கியவளும் நான்தான். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள் உள்ள எங்கள் லயத்து வாசலை விட்டு வெள்ளைச் சேலையில் இறங்கும்போது, மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இறுக்கிக்கொண்டே, "டாக்டரம்மா வாறாங்க, வழி விடுங்கடி" என்பார்கள். கேலிதான். எனக்கு அது பிடித்திருந்தது.

டாக்டர் ஐயா என்று நாங்கள் சொல்வது தோட்டத்து மருத்துவரை. பெண்கள் எல்லோருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று ஒருநாள் அவர் சொன்னார். விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டை வடிதாளில் ஒற்றி, அட்டையில் கடும் சிவப்பிலிருந்து வெளிறியது வரை வரிசையாக அச்சிட்டிருக்கும் சிவப்புகளோடு ஒத்துப் பார்ப்பார்கள். நிறம் வெளிறியிருந்தால் ரத்தம் போதாது, மாத்திரை குடிக்க வேண்டும். இரண்டு வாரம் சொல்லிப் பார்த்தும் நான்கு பேர்தான் வந்தார்கள். அதில் ஒருத்தி பல்வலிக்கு மருந்து கேட்டு வந்தவள்.

அப்போது நான் ஒரு யோசனை சொன்னேன். வருகிற ஒவ்வொருத்திக்கும் தலை துவட்ட ஒரு துவாய் கொடுக்கலாம். ஒருத்தி விடாமல் எல்லாப் பெண்களும் வந்த லயத்துக்கு ஒரு பெட்ரோமாக்ஸ் கொடுக்கலாம். லயங்களில் அன்றைக்கு மின்சாரம் கிடையாது. கல்யாணமோ சாவோ திருவிழாவோ, தலவாக்கலைக் கடையில் வாடகைக்கு விளக்கு எடுத்து, கண்ணாடி உடையாமல் தூக்கி வர வேண்டும். தோட்டத்தை நடத்தும் பெரிய துரை ஒப்புக்கொண்டார். "இது இந்தப் புள்ளயோட யோசனை" என்று டாக்டர் ஐயா அவரிடம் சொன்னதை நான் பல நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

ரத்தம் பார்த்த நாளில் நான் அங்கே இல்லை. துவாய் எடுத்துவர என்னை லொறியில் தலவாக்கலைக்கு அனுப்பிவிட்டார்கள். ஊசி குத்த வெளியூரிலிருந்து ஒரு மருத்துவிச்சி வந்திருந்தார். மழையில் நனைந்த துவாய்க் கட்டோடு நான் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. பதிவுப் புத்தகத்தைத் திறந்து முதலில் எங்கள் லயத்தைத்தான் பார்த்தேன். ஒரு பேர்கூட விடுபடவில்லை. அம்மாவின் பேருக்கு நேரே 'நல்லது' என்று எழுதியிருந்தது.

விளக்கு வந்த அன்று பொழுது சாயும் முன்பே பற்றவைத்துவிட்டார்கள். அந்த இரைச்சலும் மண்ணெண்ணெய் வாசமும் இன்றைக்கும் எங்கேயாவது வந்தால் நான் நின்றுவிடுவேன். பனிமூட்டத்துக்குள் எங்கள் லயம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. மேல் லயத்துப் பிள்ளைகள் இறங்கிவந்து வேடிக்கை பார்த்தார்கள். அம்மா தன் துவாயை மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அம்மாவுக்கு மூச்சு வாங்குவதை நான் கவனித்தேன். மலையேறினால் நெஞ்சு படபடக்கிறது என்றாள். காலையில் எழுந்திருக்க முடியவில்லை என்றாள். புத்தகத்தில் நானே பார்த்தேன், ரத்தம் நன்றாக இருக்கிறது, சும்மா பயப்படாதே என்று சொன்னேன். ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை.

ஒரு சாயங்காலம் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலியிலிருந்து குடத்தைத் தூக்கி வந்த அம்மா படிக்கட்டின் பாதியில் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. பக்கத்துக் காம்பரா வீட்டில் குடியிருந்த அத்தை குடத்தை வாங்கிக்கொண்டு வந்தார். நான் அப்போதும் பழைய பாட்டையே பாடினேன். அத்தை குடத்தைக் கீழே வைத்தார்.

"அது ஒங்கம்மா ரத்தமில்ல புள்ள. என் ரத்தம். வலது கையில என் பேருக்குக் குத்துனாங்க. எடது கையில ஒங்கம்மா பேருக்கு."

எங்கள் தோட்டத்தில் இது புதிதல்ல. உடம்புக்கு முடியாதவளின் பேரில் தங்கையோ மகளோ மலைக்குப் போய்க் கொழுந்து எடுப்பாள். கணக்கப்பிள்ளை கண்டும் காணாமல் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போட்டுவிடுவார். அப்படித்தான் அத்தையும் நினைத்திருந்தார். பேருக்கு ஒரு ஆள் நின்றால் போதும். அம்மா அன்றைக்கு மேல்மலையில் நின்றாள். கொழுந்து குறைந்தால் அரைப்பேர்தான், பாதிச் சம்பளம்தான் என்பதால் இறங்கி வர முடியவில்லை. ஒருத்தியால் லயத்துக்கு விளக்குப் போய்விடக் கூடாதென்று அத்தை மறுபடியும் வரிசையில் போய் நின்றிருக்கிறார்.

மறுநாள் காலை அம்மாவை டிஸ்பென்சரிக்கு வரச் சொன்னேன்.

"வேணாம் புள்ள. வெளக்கத் திருப்பிக் கேப்பாங்க. ஒன்னயத்தான் ஏசுவாங்க."

"ஏசட்டும்."

நான்தான் குத்தினேன். அம்மாவின் விரலை அப்படிப் பிடித்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. தேயிலைக் கறை ஏறிக் கறுத்துக் காய்த்த விரல். முதல் குத்து இறங்கவில்லை. இரண்டாவதும் இறங்கவில்லை. மூன்றாவதில் வந்த சொட்டு, வடிதாளில் ரோஸ் நிறமாகப் பரவியது. அட்டையை அம்மாவே எட்டிப் பார்த்தாள். "கடைசிக்கு முந்துனதா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பதிவுப் புத்தகத்தில் 'நல்லது' என்பதை அடித்துவிட்டு, டாக்டர் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லா லயங்களிலும் திரும்பப் பார்க்க வைத்தார். வேறு சில பேர்களும் அப்படித்தான் வந்திருந்தன. பெட்ரோமாக்ஸ் துரை பங்களாவுக்குத் திரும்பிப் போனது. பீலியடியில் நான் போனால் பேச்சு நின்றது. "படிச்சவங்களுக்கு இருட்டுலயும் கண்ணு தெரியும்" என்று எனக்குக் கேட்கிற மாதிரி ஒருத்தி சொன்னாள். அத்தை மட்டும் வழக்கம்போலக் கறி கேட்டு வந்தார், கொடுத்துவிட்டும் போனார்.

அடுத்த முறைக்கு என்ன பரிசு வைக்கலாம் என்று டாக்டர் ஐயா கேட்டார். இந்தத் தடவை நான் யோசிக்கவில்லை. வீட்டுக்குப் போய் அம்மாவைக் கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள்.

"துவாய யாரு கேட்டா? ஒடம்புக்கு முடியாதவளுக்குத்தான் கை மெதுவா ஓடும். அவ எப்படி மலைய விட்டு வருவா? பேர வெட்டாம ஒரு மணித்தியாலம் முந்தி எறக்கி விடச் சொல்லு. எல்லாரும் வருவாங்க."

அதற்கு ஒப்புக்கொள்ளப் பெரிய துரைக்குப் பெட்ரோமாக்ஸைவிட அதிக நாள் பிடித்தது. டாக்டர் ஐயா விடவில்லை. கடைசியில் ஒரு நாள் கொழுந்துக் கூடைகளோடு பெண்கள் நேரே டிஸ்பென்சரி வாசலுக்கு இறங்கி வந்தார்கள். சிரிப்பும் சண்டையுமாக வரிசை முற்றம் வரைக்கும் நீண்டது. அம்மா முன்னாலேயே நின்றாள். இத்தனை மாதமும் மாத்திரையைக் குமட்டிக்கொண்டுதான் விழுங்கியிருந்தாள்.

ஒற்றிய தாளை அட்டையோரம் வைத்தேன். அம்மா குனிந்து, ஒவ்வொரு சிவப்பாக விரலை நகர்த்திப் பார்த்தாள். இரண்டு கட்டம் ஏறியிருந்தது.

"இது போதுமா?"

"போதாதும்மா. இன்னும் குடிக்கணும்."

"அப்ப அதயே எழுது" என்று சொல்லிவிட்டு, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து நிறுவைக்குப் போனாள்.